முனியாண்டிக்கு வைத்த போத்தல்

மலையைக் காக்கும் தெய்வம் கண்ட கண்ட உடம்பில் இறங்குவதில்லை. அதற்குப் புடம் போட்ட தேகம் வேண்டும். ஆசையை அறுத்தெறிந்த நாக்கு வேண்டும். அடிக்கும்போது நடுங்காத கை வேண்டும். கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்ந்திருந்தும், அப்படிப்பட்ட திருமேனி ஒன்றே ஒன்றுதான் வாய்த்தது. அது கங்காணி மாடசாமியினுடையது. இதைச் சொன்னவர் கங்காணி மாடசாமி.

அந்தத் திருமேனி செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து புளித்த ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

காரணம் காட்டுப்பன்றி. திங்கட்கிழமை சாயங்காலம் கம்போங் ராஜாவில் இருக்கும் கூட்டாளி சசிதரன் வீட்டுக்கு ஏதோ வேலையாகப் போனார். சசிதரனின் முட்டைக்கோஸ் தோட்டத்துக் கண்ணியில் விழுந்த பன்றி, மிளகு போட்ட பெரட்டலாக அடுப்பில் சுண்டிக்கொண்டிருந்தது. முனியாண்டி பூசைக்காக மாடசாமி விரதம் இருக்கும் மாதம் அது. ஒரு வேளை சைவச் சோறு, ராத்திரிக்குப் பாலும் பழமும். வாசனையை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தவர் எழுந்தபோது சட்டியில் கறிவேப்பிலைதான் மிச்சம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, விஷயம் வெளியே தெரிந்தால் உன் வாயில் பல் இருக்காது என்று சசிதரனுக்கு நன்றி சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

பல்லைப் பற்றி மாடசாமி சும்மா பேசுகிறவரல்ல. அவருடைய மச்சான், அதாவது மனைவி அம்மாக்கண்ணுவின் அண்ணன் ராமசாமி, அதற்கு உயிருள்ள சாட்சி. லோரி ஓட்டி ஓய்வுபெற்ற ராமசாமிதான் முன்பெல்லாம் முனியாண்டியின் சாமியாடி. சாட்டை அவர் கையில் இருந்தது. பூசையன்று தோட்டத்து வரிசைவீடுகளான லயத்துச் சனம் முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும். சாட்டையடி பட்டால் பீடை கழியும் என்பது நம்பிக்கை. அந்தச் சாட்டையை வெறும் பார்வையாளராக நின்று பார்க்க மாடசாமியின் கைக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு, சாமி வந்து ஆடிக்கொண்டிருந்த ராமசாமி நடுவில் ஓர் ஏப்பம் விட்டார். சின்ன ஏப்பம்தான். மாடசாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சட்டம் போட்டார்.

"வெரதம் இருக்கிற வயித்துக்கு ஏதுடா ஏப்பம்? உள்ள கறி கெடக்குது."

சொல்லிவிட்டுச் சாட்டையைப் பிடுங்கி, அதன் கட்டைப்பிடியாலேயே மச்சான் வாயில் ஒன்று வைத்தார். முன்பல் இரண்டும் திருநீற்றுத் தட்டில் விழுந்தன. காலையில் சோடா குடித்ததைப் பற்றி ராமசாமி ஏதோ சொல்ல வந்தார்; ரத்தம் நிறைந்த வாயில் அது விளங்கவில்லை. அன்று முதல் அந்தத் தோட்டத்தில் அது சட்டமாயிற்று: ஏப்பம் விட்டவன் சாட்டையைத் தொடக் கூடாது.

மாடசாமி கைக்கு வந்த பிறகு சாட்டைக்கு ஒரு தனிக் களை வந்தது. கொழுந்து நிறுக்கும்போது எதிர்த்துப் பேசியவன், லீவு கேட்டு வழக்காடியவன், கடைத்தெருவில் வணக்கம் சொல்லாமல் போன தோட்டத்துக் கணக்கரான கிராணி, எல்லாருக்கும் பூசையன்று முதுகு பழுத்தது. சாமி அடித்த அடிக்குப் போலீஸில் புகார் கொடுக்க முடியுமா? முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் எதிரிகள் ஒரே ஆட்களாக அமைந்ததைத் தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை. அதற்குள் பன்றி செரித்தாக வேண்டும். செரிக்காவிட்டால் ஏப்பம், ஏப்பம் வந்தால் சாட்டை போய்விடும், போனால் நேரே ராமசாமியின் கைக்கு. அப்புறம் அடுத்த வருஷம் வரிசையில் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியது யார் என்பதை நினைத்தபோது மாடசாமிக்கு இன்னும் ஓர் ஏப்பம் வந்தது.

வயிற்று வலி சில பேரைப் பக்திமானாக்கும். மாடசாமியை அது கண்டவர்மேல் கைநீட்டுகிறவராக்கியது. செவ்வாய்க்கிழமை மலைச்சரிவில் கொழுந்து வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த தினேஸ்வரன், "என்னா கங்காணி, மூஞ்சி உப்பிப் போயிருக்கு?" என்று அக்கறையாகத்தான் கேட்டான். விட்ட அறையில் அவன் தொப்பி மூன்று நிரை தாண்டித் தேயிலைச் செடியில் போய் உட்கார்ந்தது. புதன்கிழமை ஸ்டார்ட் ஆகாத மோட்டாரை எட்டி உதைத்துக் கால் பெருவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டார். வியாழக்கிழமை லயத்து நாயை விரட்டிக் கல்லெறிந்ததில் கல் பக்கத்து வீட்டு அஸ்பெஸ்டாஸ் கூரையை உடைத்தது; தட்டிக் கேட்க வந்தவனின் சட்டைக் காலர் கையோடு வந்துவிட்டது. கங்காணிக்கு உக்கிரம் ஏறிவிட்டது, இந்த வருஷம் முனியாண்டி முன்கூட்டியே இறங்கிவிட்டார் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். மாடசாமி மறுக்கவில்லை.

அம்மாக்கண்ணுவை மட்டும் அவர் அடிப்பதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை கையை ஓங்கினார். அவள் அம்மிக்குழவியைத் தூக்கினாள். அதோடு அந்த எண்ணம் விட்டுப்போனது.

ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். இஞ்சியை இடித்துச் சாறு கொடுத்தாள். வெந்நீரில் சீரகம் போட்டுக் கொடுத்தாள். பன்றி அசையவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அங்கே மருந்து கொடுக்கும் கிரகரி நல்ல மனிதர்தான். ஆனால் யாருக்கு என்ன நோய் என்பது அவர் மாதா கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் திரிங்காப் ஊர் வரை தெரிந்துவிடும். மாடசாமி முடியாது என்றார். சனிக்கிழமை காலையில், தரையில் முழங்காலை மடக்கிக் கிடந்தவரைப் பார்த்து அம்மாக்கண்ணு கடைசி மருந்தைச் சொன்னாள்.

"எங்கண்ணன் காய்ச்சுற டானிக்க குடிச்சா ஒரே நாள்ல செமிச்சிரும்."

மாடசாமி கையில் இருந்த டம்ளர் சுவரில் போய் நசுங்கியது.

அந்த டானிக்கின் கதையும் ரத்தம் சிந்திய கதைதான். சாட்டை போன பிறகு ராமசாமி வேறு வழியில் பெரிய மனிதராகப் பார்த்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கைநிறையப் பெருங்காயம், எல்லாவற்றையும் கருப்பட்டியோடு காய்ச்சி வடிகட்டி, காலிக் கறுப்பு பீர் போத்தல்களில் அடைத்து மூடி அழுத்தினார். மேலே ஒரு லேபிள். அதில் கழுத்துப்பட்டி கட்டிய ராமசாமி, வாயை இறுக மூடிச் சிரித்துக்கொண்டிருப்பார். கீழே 'புத்துயிர் டானிக்' என்ற பெயர். அதற்கும் கீழே அஜீரணம், ஆஸ்துமா, மூட்டுவலி, மறதி, மனைவியின் சந்தேகம் ஆகியவற்றுக்கு நிவாரணம் என்ற உறுதிமொழி. பிரிஞ்சாங்கின் ராத்திரிச் சந்தையான பாசார் மாலாமில் அது ஸ்ட்ராபெரிக்கும் சோளத்துக்கும் நடுவில் நன்றாகவே விற்றது. மக்களை ஏமாற்றும் இந்த அநியாயத்தைக் கண்டு கொதித்த மாடசாமி ஒருநாள் லயத்து ரோட்டிலேயே ஒரு பெட்டிப் போத்தலைப் போட்டு உடைத்தார். கடைசிப் போத்தலை மச்சானின் மண்டையில் உடைத்தார். ராமசாமி மண்வெட்டிப் பிடியை எடுத்துத் திருப்பிக் கொடுத்ததில் மாடசாமிக்கு இடது தோள் இறங்கிப்போனது. மழை பெய்தால் அது இன்றும் வலிக்கும். கேமரன் மலையில் மழை பெய்யாத நாள் குறைவு.

மத்தியானம் வரை மானம் நின்றது. அதற்குமேல் வயிறு ஜெயித்தது.

"போயி வாங்கிட்டு வா," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஒனக்குன்னு சொல்லு."

அம்மாக்கண்ணு போய் வந்தாள். ராமசாமி போத்தலைக் கொடுக்குமுன் தங்கச்சியை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறாயிற்றே உனக்கு என்று கேட்டிருக்கிறார். அவள் போத்தலுக்குக் கையை நீட்டினாள். அவர் வற்புறுத்தவில்லை, ஒரு சேதி மட்டும் சொல்லி அனுப்பினார். "ரெண்டு கரண்டிக்கு மேல வேணாம்னு சொல்லு. குடிக்கிறவரு யாரா இருந்தாலும்."

மாடசாமி கரண்டியைக் கேட்டு வாயைத் திறந்த அதே நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. பூசைக்குக் கோலாலம்பூரிலிருந்து சொந்தக்காரர்கள். ஒரு கார் இல்லை, வரிசையாக. வீடு நிறைந்துவிட்டது. அறைக்குள் ஓடிய மாடசாமி முதலில் லேபிளைச் சுரண்டினார், மச்சானின் மூஞ்சி தன் வீட்டில் இருப்பதைச் சகிக்க முடியாமல். பிறகு எங்கே ஒளிப்பது என்று பார்த்தார். கட்டிலுக்கு அடியில் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து கொடுத்த கறுப்பு பீர் போத்தல்கள் அடுக்கியிருந்தன. சாமியாடி வீட்டில் வைத்திருந்து பூசையன்று சன்னதிக்குக் கொண்டுபோவது அந்தத் தோட்டத்து வழக்கம். மாடசாமி போத்தலை அவற்றுக்கு நடுவில் செருகினார். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார்.

அந்த இரவு அறைக்குள் சின்ன மாமனாரும் அவர் குறட்டையும் படுத்திருந்ததால் கரண்டிக்கு வேலை வரவில்லை. காலையில் மாடசாமி குளித்துவிட்டு வந்து குனிந்து பார்த்தபோது கட்டிலுக்கு அடியில் சிமெண்டுத் தரை மட்டும் இருந்தது. மருமகப்பிள்ளைகள் பொறுப்பானவர்கள், போத்தல்களை எல்லாம் அப்போதே சன்னதிக்கு ஏற்றிவிட்டார்கள்.

முனியாண்டி சன்னதி தேயிலைக் காடு முடிந்து பெருங்காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பனி இறங்கியிருந்தது. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், தோட்டத்துக்குப் புதிதாக வந்த துரை கழுத்தில் மாலையோடு உட்கார்ந்து, வெட்டுப்பட்ட கிடாயிலிருந்து ஓடிய ரத்தம் தன் சப்பாத்தைத் தொடாதபடி காலைத் தூக்கி வைத்திருந்தார். இரண்டாவது கிடா வேப்பங்கொத்தைக் கடித்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தது. சேவல்களின் தலைகள் ஒரு பக்கமும் உடல்கள் ஒரு பக்கமும் துடித்தன. ராமசாமி முன்வரிசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாடசாமி இடுப்புப் பட்டையை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டியிருந்தார். திறந்து வைத்த போத்தல்கள் படையலின் முன்னால் ஒன்றைப்போல் ஒன்று நின்றன. எது எது என்று முனியாண்டிக்குத்தான் தெரியும்.

உருமி அதிர்ந்தது. சாமி வந்தது. இரண்டு பேர் பாராங் கத்தியைக் கூர் மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ள, மாடசாமி அதன்மேல் ஏறி நின்று சாட்டையைச் சுழற்றினார். வரிசை நகர்ந்தது. முதல் நாலைந்து அடி முறைப்படிதான் விழுந்தது. அப்புறம் பன்றி மேலே ஏறத் தொடங்கியது. ஏப்பம் தொண்டைக்கு வரும்போது அதை விழுங்க ஒரே வழி கர்ஜிப்பது. கர்ஜித்தால் கை தானாக ஓங்கும். ஓங்கிய கை சும்மா இறங்காது. கையை நீட்டியவர்களுக்கு முதுகில் விழுந்தது. முதுகைக் காட்டியவர்களுக்குக் கழுத்தில் விழுந்தது. கிராணி சுருண்டு கிடாய் ரத்தத்தில் உட்கார்ந்தார். தினேஸ்வரனின் வெள்ளைச் சட்டை குறுக்காகக் கிழிந்து உள்ளே சிவந்தது. ஏப்பத்துக்கு ஒரு முதுகு என்று கணக்காயிற்று. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இப்படி ஓர் உக்கிரத்தை இந்த மலை கண்டதில்லை என்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள்.

பிறகு போத்தல். முனியாண்டி ஒரு போத்தலை ஒரே மூச்சில் குடித்து முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் சாமி படையலை ஏற்கவில்லை என்று அர்த்தம். அப்படி நடந்தால் அந்த வருஷம் மலையில் மண் சரியும். யாரோ கைக்கு எட்டியதை எடுத்து நீட்டினார்கள். மாடசாமி தலையை அண்ணாந்து கவிழ்த்தார்.

முதல் மடக்கிலேயே பெருங்காயம் மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. போத்தலின் ஓரமாகக் கீழே பார்த்தார். காற்று அந்தப் பக்கம் வீசியிருக்க வேண்டும்; ராமசாமியின் மூக்கு ஒருமுறை விரிந்தது, இன்னொருமுறை விரிந்தது, பிறகு முன்பல் இல்லாத வாய் மெல்லத் திறந்தது. இரண்டு கரண்டி என்பது மாடசாமியின் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள், துரை பார்த்துக்கொண்டிருந்தார், மலை சரியாமல் காத்திருந்தது. முழுப் போத்தலும் உள்ளே போயிற்று.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடிவயிற்றில் எங்கேயோ ஒரு லோரி கியர் மாற்றியது. இடுப்புப் பட்டை தெறித்தது. மாடசாமி கர்ஜிக்கலாம் என்று வாயைத் திறந்தார், அதுதான் தவறு. திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து அடைந்து கிடந்தது அத்தனையும் ஒரே ஏப்பமாக வெளியே வந்தது. உருமிக்காரர் கோலை நிறுத்தினார். இரண்டாவது கிடா கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. எதிர்ச் சரிவில் பட்டு அது திரும்பி வந்ததாகவும் சொல்கிறார்கள். அது மிகையாக இருக்கலாம். மிளகும் பன்றியும் கலந்த வாசனை முன்வரிசைக்கு வந்து சேர்ந்தது மிகையல்ல.

அந்த அமைதியில் ராமசாமி கேட்டார், சத்தம் போடாமல். "மாப்புள. வெரதம் இருக்கிற வயித்துக்கு ஏது ஏப்பம்?"

மாடசாமி கத்தியின்மேல் நிமிர்ந்து நின்றார். "ஏப்பம் விட்டது நானில்லடா. முனியாண்டி."

"அப்புடியா. முனியாண்டி எப்பலா என்கிட்ட டானிக் வாங்குனாரு?"

சாட்டை பேசியது. ராமசாமியின் கன்னம் காதிலிருந்து தாடை வரை பிளந்தது. இரண்டாம் அடிக்குச் சாட்டை திரும்பி வந்தபோது அவர் அதை முழங்கையில் சுற்றிப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். முனியாண்டியின் திருமேனி கத்தியிலிருந்து நேராகப் படையல்மேல் விழுந்தது. போத்தல்கள் உடைந்தன. பாராங்கைப் பிடித்திருந்தவர்கள் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். மாடசாமி அதை எடுத்து வீசினார். மச்சானின் காது நுனி வெட்டுப்பட்டு வாழையிலையில் விழுந்தது, பொங்கலுக்குப் பக்கத்தில். ராமசாமி உடைத்த தேங்காய் மூடியால் மாடசாமியின் விலாவில் இடித்தார், உள்ளே ஏதோ முறியும் வரை. அதற்குள் தினேஸ்வரன் கிழிந்த முதுகோடு வந்து சேர்ந்தான். கிராணி வந்தார். காலர் போனவன் வந்தான். இரண்டு வருஷமாகச் சாமி அடி வாங்கியவர்கள் எல்லாம், அடித்தது சாமி இல்லை என்று தெரிந்த அந்த நிமிஷத்தில், வரிசை முறை பார்க்காமல் வந்தார்கள். குறி தப்பிய முழுத்தேங்காய் ஒன்று துரையின் மாலையில் பட்டு, அவரை நாற்காலியோடு தேயிலைக்குள் சாய்த்தது.

சண்டையை நிறுத்தியது அம்மாக்கண்ணு. பொங்கல் கிண்டிய நீளக் கரண்டியோடு கூட்டத்துக்குள் நுழைந்து, அண்ணன் தலையில் ஒன்றும் புருஷன் தலையில் ஒன்றும் ஒரே அளவில் போட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

போலீஸ் வந்து சாட்டையையும் பாராங்கையும் ஆயுதம் என்று எடுத்துக்கொண்டு போனது. அவை ஸ்டேஷனில் ஓர் அலமாரிக்குள் இருக்கின்றன. திருப்பிக் கேட்க யாருக்கும் தைரியமில்லை. அடுத்த வருஷப் பூசையில் சாட்டையடி கிடையாது, சாமியாடியும் வேண்டாம் என்று லயத்தில் முடிவாயிற்று. பீடை கழிய வேறு வழி பார்க்கிறார்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் விலாவில் கட்டோடு கிடந்த மாடசாமி இந்தச் சேதியைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விலா வலித்தது, தோள் வலித்தது, மண்டை வலித்தது. வயிறு மட்டும் லேசாக இருந்தது. கஞ்சி இன்னொரு கிண்ணம் கிடைக்குமா என்று நர்ஸிடம் மெல்லக் கேட்டார்.

தீபாவளிக்கு அடுத்த நாள் அவருக்கு மறுபடியும் வயிறு உப்பியது. சுவரைப் பார்த்துக்கொண்டு அம்மாக்கண்ணுவை அனுப்பினார். அவள் போத்தலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மச்சானின் மூஞ்சியைச் சுரண்ட மாடசாமி நகத்தை ஓங்கினார். லேபிள் புதியது. ராமசாமியின் படத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். இப்போது அதில் இருப்பது கத்தியின்மேல் நின்று போத்தலோடு ஏப்பம் விடும் மாடசாமியின் படம்.